கூரைக் காசும் கொல்ஃப் கிளப்பும்

"—அடிச்ச பந்தைத் தேடிக்கொண்டு வெயிலுக்குள்ள நடக்கிறதுக்குக் காசு கட்டுற மனுசனை நான் இப்பதான்—"

"நீ முழுசாக் கேளு றஹ்மா, கேட்டுட்டு—"

"—இப்பதான் பாக்கிறன்! பந்து வேணுமெண்டா கையில வச்சிரிங்க. வேணாமெண்டா அடிச்சிட்டு வீட்ட வாங்க. அடிக்கிறதும் நீங்க, தேடுறதும் நீங்க, காசு கட்டுறதும் நீங்களா?"

"தேடுறதுக்கு ஆள் இரிக்காங்க!"

"அவங்களுக்கும் காசா?"

அப்துல் மஜீத் தலையைச் சொறிந்தார். அவர்களுக்கும் காசுதான்.

அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. தென்னங்கிடுகு வேய்ந்த கொட்டிலின் ஒரு மூலைதான் குசினி. மறு மூலையில் அலுமாரி. நடுவில் ஒரு கதிரை, அதில் மஜீத். கொட்டிலுக்கு முன்னால் பெரிய வீட்டில் மூத்தவள் ஜெஸீமாவும் மருமகனும். பக்கத்தில், சுவர் எழும்பி, கைமரமும் ஏறி, ஓடு மட்டும் போடாமல் நிற்பது இளையவள் பல்கீஸுக்கான வீடு.

அந்தக் கரையில் வீடு பெண்ணுக்குரியது. மூத்தவளுக்குக் கல்யாணமானால் தாயும் தகப்பனும் குடியிருந்த வீட்டை அப்படியே அவளுக்கு விட்டுவிட்டு, வளவின் பின்பக்கம் ஒரு கொட்டிலுக்கு மாறுவார்கள். மாறிய கையோடு அடுத்தவளுக்குச் சுவர் எழுப்பத் தொடங்குவார்கள். றஹ்மாவின் உம்மாவும் அப்படித்தான் செய்தாள். உம்மாவின் உம்மாவும் அப்படித்தான். மூன்று மாரிகளாக ஒழுகுகிற கொட்டிலுக்குள் சட்டி வைத்து மழை பிடித்தபோதும் றஹ்மா ஒரு நாள் முகம் சுழித்ததில்லை. பல்கீஸின் வீட்டுக்கு ஓடு ஏறிவிட வேண்டும். நோன்பு கழியக் கிண்ணியாவிலிருந்து மாப்பிள்ளை வந்துவிடுவார். அவளுக்கு அது ஒன்றுதான் கணக்கு.

இந்த நேரத்தில்தான் கொல்ஃப் கிளப் வந்து சேர்ந்தது!

"இஞ்ச பார் றஹ்மா," மஜீத் குரலை இறக்கினார். "வெள்ளைக்காரக் கடற்படை போய் ரெண்டு வருசம். முந்தி ஒரு கப்பலுக்கு எத்தனை மூட்டை மரக்கறி ஏத்தினனான்? எத்தனை கூடை முட்டை? இப்ப தேயிலைக் கப்பல் வருது, கப்டன் இறங்க முந்தி வேற ஒருத்தன் ஓடரை எடுத்திட்டுப் போறான். ஏன்? அவன் கிளப்பில மெம்பர்! மைக்கல் ஐயாதான் கிளப்புக்குச் செக்கரட்டரி. அவரே சொன்னவர், 'மஜீத், யாவாரமெல்லாம் இப்ப புல்லுக்கு மேலதான்' எண்டு."

"தம்பலகாமத்தில மாடு மேய்க்கிறவனுக்கும் யாவாரம் புல்லுக்கு மேலதான். அவனுக்கு ஒரு தடி காணும். உங்களுக்குப் பை நிறையத் தடி வேணுமாமே?"

"பகிடி பண்ணாத!"

"பகிடியா? புள்ளட வீடு வானத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிது. நான் பகிடியா பண்றன்?"

மஜீத் எழுந்தார். கொட்டிலின் கூரை தாழ்வு. தலை கிடுகில் இடித்தது. அந்த இடியில்தான் அவருக்குள்ளே இருந்தது வெளியே வந்து விழுந்ததோ என்னவோ...

"யாவாரத்துக்கு மட்டுமெண்டா நினைக்கிறாய்? உம்மாட வீடு தங்கச்சி றுக்கியாவுக்குப் போச்சு. சரி, அது முறை. உன்னை முடிச்சு உன்ட வீட்டுக்கு வந்தன். அதுவும் முறை. அதைப் பெருப்பிச்சுக் கட்டினன், ஜெஸீமாவுக்குப் போச்சு. இது பல்கீஸுக்கு. நான் ஒண்டும் குறை சொல்லல்ல... ஆனா றஹ்மா, இந்த ஊரில என்ட பேர் எங்கயாவது எழுதி இரிக்கா? ஒரு கதவில? ஒரு சுவரில? கிளப்பில ஒரு பலகை இரிக்கு. தேக்குப் பலகை. மெம்பர்மார்ட பேரெல்லாம் தங்க எழுத்தில... அதில ஒரு வரி. ஒரே ஒரு வரி..."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலியைப் பார்த்தார்.

ரொட்டி கருகியது. றஹ்மா அதைத் திருப்பவில்லை.

வீடு அவளிடம் எப்போதும் தானாக வந்தது. உம்மாவிடமிருந்து வந்தது, மகளுக்குப் போனது. நடுவில் கல் சுமந்த மனிதன் எங்கே நிற்கிறான் என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. இத்தனை வருடம் ஒரே பாயில் படுத்தெழும்பிய மனிதர்! இப்படியொன்று நெஞ்சுக்குள் கிடந்ததை இன்றைக்குத்தானே சொல்கிறார்...

கையைத் துடைத்துக்கொண்டு அலுமாரியைத் திறந்தாள். சேலை அடுக்குக்கு அடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தாள். இடியப்பம் அவித்து விற்றதும் பாய் இழைத்து விற்றதும் அதற்குள் இருந்தன.

"இந்தாங்க."

"இது... ஓட்டுக் காசெல்லா?"

"ஓடு எங்கயும் ஓடிப் போகாது. போய்ப் பேரை எழுதிட்டு வாங்க."

"பல்கீஸ்ட கல்யாணம்?"

"கிடுகு போடுவம். கல்யாண மாப்பிள்ள மேலயா பாக்கப்போறார்?" என்று சிரித்தாள். உடனே கண்ணைத் துடைத்தாள். "ஒண்டு மட்டும். இது எங்கால வந்த காசெண்டு ஒருத்தருக்கும் சொல்லாதீங்க. பொஞ்சாதிட இடியப்பக் காசில கிளப்புக்குப் போனாரெண்டு ஊர் சிரிக்கும். எனக்கு அதைக் கேட்டுக்கொண்டிருக்க ஏலாது."

மஜீத் எதையோ சொல்ல வாயெடுத்தார். அவள் நீளக் காற்சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து அவர் தோளில் போட்டாள்.

அவர் கிளப்புக்கென்று சீனக்குடா பஸ் ஏறிப் போன கொஞ்ச நேரத்தில் மேசன் இராசதுரை வந்தார். றஹ்மா வேலிக்குள் நின்று மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணன், ஓட்டுக்காரனுக்கு இப்ப வேணாமெண்டு சொல்லிருங்க. கிடுகு போட்டாக் காணும்."

"என்ன தங்கச்சி இது! கைமரமெல்லாம் ஓட்டுக்கெண்டு அளந்து போட்டிருக்கு. பூச்சுக்கு மணலும் இல்லை. வெருகல்ல ஆறு பெருகி, லொறிக்காரன் ஒருத்தனும் போறானில்லை. இப்ப ஓடும் இல்லையெண்டா, நான் இங்க வந்து என்னத்தைச் செய்யிறது? சுவரைத் தடவிக் கொடுக்கவா?"

வேலிக்கு அந்தப் பக்கம் மண்சட்டி ஒன்று தொப்பென்று தரையில் வைக்கப்பட்டது. படலையைத் தள்ளிக்கொண்டு றுக்கியா வந்தாள். மஜீதைக் 'காக்கா' என்று கூப்பிடும் தங்கை. கைம்பெண். மஜீதின் உம்மாவுடைய வீட்டில், அடுத்த வளவில் இருப்பவள். வாய்க்குப் பூட்டில்லாதவள்.

"நினைச்சனான்! நினைச்சனான் மச்சி! காலையில நீங்க கத்தினது துறைமுகத்து நங்கூரம் வரைக்கும் கேட்டிச்சு. என்ட காக்கா உங்கட பேச்சைக் கேக்காமக் கிளப்புக்குப் போயிட்டார். அந்தக் கோவத்தில வீட்டு வேலையை நிப்பாட்டுறீங்க. அப்பிடித்தானே?"

"றுக்கியா, அப்பிடி இல்ல..."

"பின்ன எப்பிடி? மாப்பிள்ள வீட்டார் வந்து 'ஓடு எங்க' எண்டு கேப்பாங்க. 'அவர்ட கொல்ஃபு திண்டுட்டு' எண்டு சொல்லுவீங்க. ஊருக்கு முன்னால என்ட காக்காட தலை குனியணும். அதானே உங்களுக்கு வேணும்! ஒரு மனுசன் கொஞ்சம் பெரிய ஆக்களோட நிக்க ஆசைப்பட்டா, அது உங்களுக்குப் பொறுக்கல்லையா?"

றஹ்மா அம்மியில் தேங்காய்ப்பூவை வைத்தாள். சம்பலுக்கு அரைக்கத் தொடங்கினாள்.

"வாயைத் திறங்க மச்சி! ஓட்டுக் காசு எங்க? அலுமாரியில பூட்டி வச்சிரிக்கீங்களா, இல்லாட்டி உங்கட தம்பிமாருக்கு அனுப்பியாச்சா?"

அம்மிக் குழவி நின்றது.

என்ன சொன்னாலும் பொறுக்கலாம். கூடப்பிறந்தவர்களுக்குக் காசு கடத்தினவள் என்ற பேச்சு மட்டும்... றஹ்மாவின் கண்ணிலிருந்து ஒரு துளி செத்தல் மிளகாயின் மேல் விழுந்தது. ஒரு சொல் சொன்னால் போதும், றுக்கியாவின் வாய் அடைந்துவிடும். ஆனால் அந்த ஒரு சொல்லில் அவருடைய மானமல்லவா போய்விடும்!

"அப்பிடியே இரிக்கட்டும் றுக்கியா," என்றாள். குழவி மறுபடியும் உருண்டது.

இராசதுரை மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு பெண்களுக்கு நடுவில் நிற்பதைவிட வெயிலில் நிற்பது மேல் என்று ஒழுங்கைக்குப் போய் நின்றார்.

பிற்பகல் அசர் தொழுகைக்கு முன்னதாக ஒழுங்கையில் பெரிய உறுமல் கேட்டது. லொறி ஒன்று பின்பக்கமாக உள்ளே வந்துகொண்டிருந்தது. கோழிகள் சிதறின. வேலியில் இரண்டு கிடுகு பிய்ந்தது. லொறிக்கு மேலே, மணல் குவியலின் உச்சியில், நீளக் காற்சட்டையும் தளர்ந்த கழுத்துப்பட்டியுமாக அப்துல் மஜீத்!

"இராசதுரை! நிண்டு பாக்காம மண்வெட்டியை எடு! வெருகல் மணல் தோத்துப்போகும்! சீனி மாதிரி இரிக்கு, வாயில போட்டுப் பார்!"

"காக்கா!" றுக்கியா வாயில் கை வைத்தாள். "கிளப்புக்குப் போன மனுசன் மணல் லொறியில வாறீங்க!"

"இறங்க விடு, சொல்றன்."

இறங்கினார். சப்பாத்தைக் கழற்றிக் கொட்டினார். அதிலும் மணல். றஹ்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். கண் சிவந்திருந்ததை அவர் பார்த்துவிட்டார். ஏன் என்று கேட்க, றுக்கியா இடம் கொடுக்கவில்லை.

"பேர் எழுதியாச்சா? சொல்லுங்க!"

"கேளு. போனன். மைக்கல் ஐயா கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். புல்லெண்டாப் புல்லு, பாய் விரிச்ச மாதிரி. நடுவில பாத்தா, தோண்டி வச்ச ஒரு பெரிய கிடங்கு. கிடங்கு நிறைய மணல்! அலசின மணல்! நான் நிண்டுட்டன். 'ஐயா, ஆர் இங்க வீடு கட்டுறது?' எண்டு கேட்டன்."

"ஓம், கேக்கத்தானே வேணும்," என்றார் இராசதுரை.

"அவர் முழிச்சார். 'வீடு இல்ல மஜீத், இது விளையாட்டுக்கு' எண்டார். 'மணலை விளையாட்டுக்கா கொட்டி வச்சிரிக்கீங்க? இங்க நான் ஒரு லொறி மணலுக்கு நாய் படாத பாடு படுறன்! விலை சொல்லுங்க' எண்டன். அங்க நிண்டவங்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. பந்து அதுக்குள்ள விழுந்தா எடுக்கக் கஷ்டமா இரிக்கணுமாம், அதுக்காக வச்ச மணலாம்!"

றஹ்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"சிரி, நல்லாச் சிரி. நானும் சிரிச்சன். சிரிச்சவங்க ஆரெண்டு பாத்தன் பாரு, அங்கதான் விசயம். ஒருத்தன் ஐஸ் விக்கிறவன். ஒருத்தன் இறைச்சி. ஒருத்தன் விறகு. எல்லாரும் கப்டனைப் புடிக்கலாமெண்டு காசு கட்டி வந்தவங்க! 'கப்டன் எங்க?' எண்டு கேட்டன். ஒரு கப்டனும் வாறதில்லையாம். விக்கிறவன் விக்கிறவனோட பந்தடிக்கிறான்! ஆள் காணாமப் பாதித் திடலை மூடுறாங்களாம். அந்தக் கிடங்கு மணலை அள்ளிக்கொண்டு போனா உபகாரம் எண்டார் மைக்கல் ஐயா. லொறிக் கூலி மட்டும்தான் என்ட செலவு."

"பலகை?" றஹ்மா மெல்லக் கேட்டாள். அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

மஜீத் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"இரிக்கு. வடிவான பலகை. பெயின்ட்காரன் வேலை செஞ்சுகொண்டு நிண்டான். போன துரைமார்ட பேருக்கு மேல கறுப்புப் பூசிக்கொண்டு... 'அந்த இடத்தில உங்கட பேர் வரும்' எண்டு காட்டினான். எனக்கு ஆசையாத்தான் இருந்திச்சு றஹ்மா. பொய் சொல்லல்ல. பொக்கெட்டுக்குள்ள கையை விட்டன். உன்ட முடிச்சு தட்டுப்பட்டிச்சு. புல்லுக்கு நடுவில நிண்டாலும் என்ட கண் மணலைத்தான் பாக்குது, சுவரைத்தான் நினைக்குது. இந்த மனுசனுக்கு அந்தப் பலகையில என்ன வேலை எண்டு நினைச்சன். அவிழ்க்க மனம் வரல்ல."

"என்ன முடிச்சு?" என்றாள் றுக்கியா.

காற்சட்டைப் பையிலிருந்து அதை எடுத்தார். போனபடியே இருந்தது.

"உன்ட மச்சிட ஓட்டுக் காசு. காலையில என்ட கையில தந்தவ, பேரை எழுதிட்டு வாங்க எண்டு. புள்ளட வீட்டுக்குக் கிடுகு போடுவம் எண்டு. ஒருத்தருக்கும் சொல்லாதீங்க எண்டும் சொன்னவ..." றஹ்மாவைப் பார்த்தார். "சொல்லிப்போட்டன். மன்னிச்சுக்கொள்."

றுக்கியாவின் முகம் வெளிறியது. ஒரு நிமிடம் அந்த வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. ஊரில் கண்டவர்கள் குறைவான காட்சி அது!

"மச்சி..." ஓடிவந்து றஹ்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "என்ட நாக்கு அழுகிப் போகாதா! என்னவெல்லாம் கேட்டனான்... தம்பிமாருக்கு அனுப்பினீங்களா எண்டு கேட்டனே! ஒரு வார்த்த சொல்லிரிக்கக் கூடாதா? வாயை மூடிக்கொண்டு நிண்டு என்னைப் பாவியாக்கிட்டீங்களே!"

"சொன்னா உங்கட காக்காட மானமெல்லா றுக்கியா..." அதற்கு மேல் றஹ்மாவுக்கும் ஏலாமல் போனது. இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். அழுகைக்கு நடுவில் றஹ்மா சொன்னாள்: "சரி, சரி... அழுங்க. அம்மிக்கு மேல அழாதீங்க. என்ட கண்ணீரே சம்பலுக்குக் காணும். உங்கடதும் சேந்தா உப்புக் கூடிரும்."

றுக்கியா அழுதபடியே சிரித்தாள். மஜீத் மூக்கைச் சிந்தி, அதைத் தூசி என்று சொன்னார்.

லொறி பாதி காலியானது. பல்கீஸின் வீட்டு முற்றத்தில் மணல் குவிந்தது. இராசதுரை மண்வெட்டியை ஊன்றி நின்று அளந்து பார்த்தார்.

"முதலாளி, பூச்சுக்கும் நிலத்துக்கும் இது தாராளம். மிச்சத்தை எங்க கொட்ட?"

மஜீத் கொட்டிலைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கையை நீட்டினார்.

"இதுக்குப் பக்கத்தில. ஓடு ஏத்தி முடிய, இங்க ஒரு அறை, ஒரு குசினி. சின்னதாக் காணும். தலை இடிக்காம."

"ஆருக்கு காக்கா?" என்றாள் றுக்கியா.

"எனக்கும் உன்ட மச்சிக்கும். சீதனத்துக்கில்ல."

றஹ்மா அந்த இடத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். உம்மாவை நினைத்தாள், உம்மாவின் உம்மாவை நினைத்தாள். அவர்கள் ஒருவரும் இப்படியொரு வீட்டைக் கட்டியதாக அவள் கேள்விப்பட்டதே இல்லை. கண்ணில் தண்ணீரும் முகத்தில் சிரிப்புமாக, உண்மையிலேயே விளங்காமல் கேட்டாள்:

"அப்ப... அந்த வீட்டை நாம ஆருக்குக் குடுத்திட்டு வெளிக்கிடுறது?"