குப்பையில் கிடந்த அட்டைக்கும் வரியா?

“கொஞ்சம் சத்தம் போடாம இருக்கீங்களா? நான் வரி ஃபாரம் எழுதிக்கிட்டிருக்கேன்!” என்று அப்பா கத்தினார்.

வீட்டில் யாரும் சத்தம் போடவில்லை. அம்மா அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். பள்ளியிலிருந்து வந்த கோமதி பையைக்கூட இறக்காமல் வாசலிலேயே நின்றாள். மேலே சுற்றிய காற்றாடி மட்டும் ‘கடக் கடக்’ என்றது.

“காத்தாடியையா சொல்றீங்க, அப்பா?”

“அதையும்தான்!”

கோமதி பெருமூச்சு விட்டாள். ஒரு வாரமாக இதே கதைதான். பதினோரு வயதில் இவ்வளவு பெருமூச்சு விடுவது கொஞ்சம் அதிகம் என்று அவளுக்கே தோன்றியது.

எல்லாம் போன் கார்டால் வந்த வினை.

கோமதியின் அப்பா சோமசுந்தரம், மலேசியாவின் சுங்கை வே பகுதியில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வருவார். 1996ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவர் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். டெலிபோன் கம்பி வழியாக இன்டர்நெட்டும் போட்டார். அவர் இன்டர்நெட்டில் உட்கார்ந்துவிட்டால் வீட்டுக்கு யாரும் போன் பண்ண முடியாது. “உங்க வீட்டு லைன் எப்பவும் எங்கேஜ்தான்” என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் அம்மாவிடம் குறைபட்டார்கள்.

அந்த இன்டர்நெட்டில் ஒருநாள் ஜெர்மனிக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். மலேசியாவின் பழைய போன் கார்டுகள் வேண்டுமாம். காசும் கொடுப்பாராம்.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். காசு தீர்ந்துபோன போன் கார்டை யாராவது வாங்குவார்களா? பொது டெலிபோனில் பேசி முடித்ததும் எல்லாரும் அதை அங்கேயே வீசிவிட்டுத்தான் போவார்கள்.

கோமதி சிரிக்கவில்லை. அந்த அட்டைகளில் எத்தனை அழகான படங்கள் இருக்கின்றன என்று அவளுக்குத் தெரியும். பெரிய மூக்குள்ள இருவாச்சிப் பறவை, வால் நீண்ட பட்டம், செம்பருத்திப் பூ. மறுநாள் பள்ளிவிட்டு வரும்போது டெலிபோன் கூண்டுகளின் அடியில் குனிந்து குனிந்து தேடினாள். கிடைத்ததையெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, அப்பாவின் மேசையில் அடுக்கினாள்.

ஜெர்மனிக்காரர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்! பிறகு ஜப்பானிலிருந்து ஒருவர் கேட்டார். நார்வேயிலிருந்து ஒரு பள்ளி மாணவி கேட்டாள். அப்பா சாயங்காலங்களில் கம்ப்யூட்டரில் விலை பேசுவார். கோமதி கார்டுகளை உறையில் போட்டு, வளையாமல் இருக்க நடுவில் தடித்த அட்டை வைத்து ஒட்டுவாள். போகப் போகத் தேடிப் பொறுக்கியது போதவில்லை. அப்பாவே தெரிந்தவர்களிடம் கார்டுகளை விலைக்கு வாங்கி விற்க ஆரம்பித்தார்.

இப்படியே அந்த ஆண்டு ஓடிவிட்டது. அடுத்த ஆண்டு வருமான வரிப் படிவம் தபாலில் வந்தபோதுதான் வம்பு தொடங்கியது.

“சம்பளம் மட்டும் போதாதுங்க. கார்டு வித்த காசையும் அதுல எழுதணும்ல?” என்று அம்மா நாச்சம்மை கேட்டார்.

“குப்பையில கிடந்த அட்டைக்கும் வரியா?”

“குப்பையில எடுத்தீங்க. ஆனா காசுக்குத்தானே வித்தீங்க?”

அன்றிலிருந்து அப்பா படிவத்தை எடுப்பார், பார்ப்பார், திட்டுவார், மறுபடி மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டுவார். ‘வியாபாரம் நடக்கும் இடத்தின் முகவரி’ என்ற கேள்விக்கு வந்ததும் பேனா நின்றுவிடும்.

“எனக்குக் கடையே கிடையாதே! எதை எழுதறது?”

வெள்ளிக்கிழமை மாலை, கிள்ளானில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் பெரியகருப்பன் மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். விஷயத்தைக் கேட்டதும் சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். “இதுக்கு ஏன் மச்சான் மண்டையை உடைச்சிக்கிறீங்க? கம்ப்யூட்டருக்குள்ள வித்ததை யாரு வந்து பார்க்கப் போறா? பேசாம விடுங்க லா!”

அப்பாவின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. அம்மாவின் முகம் வாடியது. இரண்டையும் பார்த்த கோமதிக்கு எரிச்சலாக வந்தது.

“மாமா, அப்போ யாராவது கேட்டா நான் என்ன சொல்லணும்?”

“யாரும் கேட்க மாட்டாங்க.”

“பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் தெரியும். தபால்காரருக்குத் தெரியும். நார்வே பொண்ணுக்கும் தெரியும். கார்டு எப்படி வித்தோம்னு பெருமையா சொல்லிக்கிட்டே இருந்தேன். இனிமே பொய் சொல்லணும்னா, எந்தப் பொய்னு இப்பவே சொல்லிக் குடுங்க. ஆளுக்கு ஒண்ணு சொன்னா மாட்டிக்குவோம்.”

மாமா மேசையில் இருந்த முறுக்கில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அப்பா நெற்றியைத் தேய்த்தார். “சரி, சரி! நாளைக்குச் சனிக்கிழமை. அரை நாள் ஆபீஸ் இருக்கும். நேர்லயே போய்க் கேட்டுடறேன். நீயும் வா, கோமதி. இவ்வளவு பேசறேல்ல?”

மறுநாள் காலை இருவரும் இளஞ்சிவப்பு மினி பஸ்ஸில் ஏறி வரி அலுவலகத்துக்குப் போனார்கள். அப்பாவின் கையில் ரசீதுகள் அடங்கிய பிஸ்கட் டின். காட்டுவதற்காகச் சட்டைப்பையில் சில போன் கார்டுகள்.

வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. ஒருவழியாக முகப்பு மேசைக்குப் போனால், அங்கே இருந்த இளைஞர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன வியாபாரம், சார்?”

“போன் கார்டு.”

“கடை எங்க இருக்கு?”

“கடை இல்ல. இன்டர்நெட்டுல.”

“அது எந்த ஜாலான்?”

அப்பா கண்ணை மூடித் திறந்தார். “அது ரோடு இல்ல, தம்பி. கம்ப்யூட்டர்!”

“ஓ, கம்ப்யூட்டர் விக்கிறீங்களா?”

“இல்ல! கம்ப்யூட்டர்ல போன் கார்டு விக்கிறேன்!”

“புது கார்டா? ஏஜென்டா நீங்க?”

“பழசு! காசு தீர்ந்தது! போன் பண்ண முடியாத கார்டு!”

இளைஞர் அப்பாவை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அப்புறம் எழுந்து போய், உள்ளே இருந்த பெரிய அதிகாரியை அழைத்து வந்தார். மூக்குக் கண்ணாடி போட்ட அம்மையார். சட்டையில் ‘பூரணம்’ என்று பெயர் குத்தியிருந்தது.

“இருங்கோ. முதல்ல இருந்து சொல்லுங்கோ” என்றார் அவர்.

அப்பா முதலிலிருந்து சொன்னார். மோடம் என்றார், மெசேஜ் என்றார், டாலர் என்றார், ஜெர்மனி என்றார். சொல்லச் சொல்ல அவருடைய கைகள் காற்றில் வேகமாகச் சுழன்றன. பிஸ்கட் டின் சரிந்து ரசீதுகள் தரையெல்லாம் பரவின. வரிசையில் நின்றவர்கள் குனிந்து பொறுக்கிக் கொடுத்தார்கள்.

“போதும்! இன்னையோட நிறுத்திடறேன்!” என்றார் அப்பா. “கம்ப்யூட்டரையும் யாருக்காவது தூக்கிக் குடுத்துடறேன். ஒரு அட்டைகூட இனிமே விக்க மாட்டேன்!”

கோமதி அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அப்படியானால் கழுவுவதும் ஒட்டுவதும் போச்சு. நார்வே பெண்ணிடமிருந்து வரும் கடிதமும் போச்சு. பெரியவர்கள் மாற்றி மாற்றிப் பேசிக் குழம்பியதற்கு அவளா பலி?

அவள் முகப்பு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எம்பினாள்.

“ஆன்டி, நீங்க பாசார் மாலாம் போவீங்களா?”

“போவேனே. ஏன்?”

“எங்க பக்கத்துல வியாழக்கிழமை ராத்திரி ரோட்டோரமா பாசார் மாலாம் சந்தை போடுவாங்க. அங்க அப்பம் சுடற அக்காவுக்குக் கட்டடம் கிடையாது. ஒரு மேசைதான். சாயங்காலம் விரிப்பாங்க, ராத்திரி மடிச்சிடுவாங்க. ஆனா அவங்களுக்கு வீடு இருக்கு.”

“சரி.”

“அப்பாவும் அப்படித்தான் விக்கிறாரு. மேசை மட்டும் கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு. வாங்கறவங்க தூரத்துல இருந்து வந்து பார்க்கறாங்க. காசு தபால்ல வருது. நான் சாமானைக் கட்டிக் குடுக்கறேன்.”

பூரணம் அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். அப்பாவின் சட்டைப்பையில் எட்டிப் பார்த்த இருவாச்சிக் கார்டைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

“இவ்வளவுதானா? பாசார் மாலாம்காரருக்கு நாங்கள் எழுதச் சொல்லுற மாதிரி நீங்களும் வீட்டு விலாசத்தை எழுதுங்கோ. பகுதி நேர வியாபாரம். வந்த காசு எவ்வளவு, கார்டு வாங்கின செலவு எவ்வளவு, தபால் செலவு எவ்வளவு? செலவைக் கழிச்சு மிச்சத்தைச் சம்பளத்தோட சேர்த்துக் காட்டுங்கோ.”

“செலவைக் கழிக்கலாமா?” அப்பாவின் குரலே மாறிவிட்டது.

“ரசீது இருக்குதுதானே?”

அப்பா பிஸ்கட் டின்னைக் கட்டி அணைத்துக்கொண்டார்.

சுவரோரத்து மேசையில் உட்கார்ந்து இருவரும் கணக்குப் போட்டார்கள். கோமதி ரசீதுகளை வாசித்தாள், அப்பா கூட்டினார். முதல் தடவை கூட்டும்போது தான் எழுதிய 7-ஐ 1 என்று படித்துவிட்டார். இரண்டாம் தடவை யாரோ தும்மியதில் விட்ட இடம் மறந்துவிட்டது. “யாருங்க அது?” என்று அப்பா தலையைத் தூக்கியதும் கோமதி அவர் கையைப் பிடித்து இழுத்து, “நான் கூட்டறேன், அப்பா. நீங்க வாசிங்க” என்றாள். அதற்குப் பிறகு ஒழுங்காக வந்தது.

கட்ட வேண்டிய வரி, அப்பா பயந்த அளவுக்குப் பக்கத்தில்கூட இல்லை.

“இதுக்கா ஒரு வாரம் எல்லாரையும் திட்டினீங்க?” என்று கோமதி கேட்டாள்.

“காத்தாடியையும்” என்றார் அப்பா. வெட்கத்தோடு சிரித்தார்.

படிவத்தைக் கொடுத்துவிட்டுப் படியில் இறங்கியபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. “அண்ணே! அண்ணே! நில்லுங்க!”

வரிசையில் அவர்களுக்குப் பின்னால் நின்ற டாக்சி ஓட்டுநர்தான். ரசீது பொறுக்கிக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

“நீங்க பேசினதெல்லாம் கேட்டேன். என் மக பறவைப் படம்னா உயிரை விடுவா. அந்தக் கார்டை எனக்கு விப்பீங்களா?”

இன்னையோட நிறுத்திடறேன் என்று சொன்ன மனிதர் இமைகூடக் கொட்டவில்லை. “இருவாச்சியா? நல்ல கண்டிஷன். மூணு வெள்ளி.”

டாக்சிக்காரர் மூன்று வெள்ளி நோட்டுகளைக் கொடுத்தார். கார்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போனார். அப்பா நோட்டுகளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நிமிர்ந்தால், கோமதி இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஐயோ, தெரியும் லா, தெரியும்!” என்றார் அப்பா. “அடுத்த வருஷக் கணக்குல எழுதணும். அதானே?”

கோமதி பேனாவைத் திறந்து அவரிடம் நீட்டினாள்.