விரல் பட்ட தகடு

திண்டிவனத்தில் புறப்பட்ட பஸ் செஞ்சியை நெருங்கும் நேரம். குறுக்கே வந்த ஆட்டுக்காக டிரைவர் போட்டார் பாருங்கள் ஒரு பிரேக்... மணிமொழியின் மடியிலிருந்த டப்பா திறந்துகொண்டது. உள்ளேயிருந்த இரும்புத் தகடு ஒன்று எகிறி விழப்போக, பக்கத்தில் நின்றிருந்தவன் பாய்ந்து பிடித்துவிட்டான். வெறும் கையால்! கட்டைவிரலை அழுந்த வைத்தபடி, முகமெல்லாம் சிரிப்பாக நீட்டினான்.

"ஐயோ, தொடாதீங்க! அழுக்குக் கைய வச்சுக் கெடுத்துட்டீங்களே!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

அவள் சென்னையில் ஆராய்ச்சி மாணவி. இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத பூச்சு ஒன்றை ஏற்றி, தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடுகிறதா, துரு வராமல் இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. வெயிலிலும் மழையிலும் போட்டு வைக்க, சனிக்கிழமைதோறும் தகடுகளைச் செஞ்சி வீட்டு மொட்டை மாடிக்குக் கொண்டுவருவாள். அந்தப் பூச்சில் விரல் பட்டால் தீர்ந்தது கதை.

அவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? தன் விரல்களைப் பார்த்தான். நகக்கண்களில் நீலப் பொடி. பிறகு அவளைப் பார்த்தான்... அப்பப்பா, என்ன கண்கள்! அவற்றில் கோபம் இருந்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். "ஸாரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஊர் வருவதற்கு முன்பே மழையில் இறங்கிப் போய்விட்டான்.

அடுத்த சனிக்கிழமை, பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருந்த கைகளையெல்லாம் பார்த்தாள். நீல நகம் இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. 'சொன்னதைத் திருப்பி எடுத்துக்க ஒரு வழி காட்டு சாமி...' கெட்டுப்போன தகட்டைக் குப்பையில் போடச் சொன்னார்கள் லேபில். அவளோ அதைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தாள். படித்த பெண் செய்கிற வேலையா இது? செய்தாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை. ராஜகிரிக் கோட்டை மலையே மழைக்குள் காணாமல் போயிருந்தது. திருவண்ணாமலை ரோட்டில் ஒரு தகரக் கொட்டகைக்குள் ஓடி ஒதுங்கினாள். உள்ளே கிரில் கேட்டுகள் தொங்கின. ஒரு கேட்டுக்கு நீலப் பவுடர் அடித்துக்கொண்டிருந்தவன் மாஸ்க்கைக் கழற்றினான்.

அவனேதான்!

அவளைக் கண்டதும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"உள்ள வாங்க, சாரல் அடிக்குது... நான் எதையும் தொடல."

"அப்படிச் சொல்லாதீங்க, ப்ளீஸ்..."

"நானும் இரும்புக்குப் பூச்சு போடுறவன்தாங்க. கழுவி வச்ச கேட்ட எவனாச்சும் தொட்டா நானும்தான் கத்துவேன். அந்த எடத்துல பவுடர் சரியா புடிக்காது. ஆனா கை அழுக்குன்னு சொல்லமாட்டேன்." குரல் இறங்கியது. "அன்னைக்கு சோப்பு போட்டுக் கழுவிட்டுதான் பஸ் ஏறினேன். நகத்துல பூந்தது போவல, இன்னா பண்றது?"

அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது.

"யாரு கை பட்டாலும் கெட்டுதான் போவும். என் கை பட்டாலும்தான். அதுக்குத்தான் கிளவுஸ் போடுறோம். அத சொல்லாம திமிரா பேசிட்டேன்... மன்னிச்சிருங்க."

பையிலிருந்து தகட்டை எடுத்து, கூரை விளிம்பில் கொட்டும் மழையில் சாய்த்துப் பிடித்தாள். துளிகள் முத்து முத்தாக உருண்டு ஓடின. அவன் விரல் பட்ட இடத்தில் மட்டும் ஒரு துளி நின்றது.

"நானும் அங்கேயேதான் நிக்கிறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் உங்களத்தான் தேடுறேன், பேருகூடத் தெரியாம..."

"வீரமணி" என்றான் மெதுவாக. "பவுடர் வாங்க வரப்போ, நீங்க பஸ் ஏறுறத திண்டிவனத்துல நின்னு பாப்பேன். அப்புறம் அடுத்த பஸ்ஸுல வருவேன்."

"பாவி! ஏறியிருக்கலாம்ல?"

"ஏறத்தான் ஆசை. கைய எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல..."

அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. தன் கட்டைவிரலை அவன் ரேகைக்குப் பக்கத்தில் அழுத்தினாள்.

"அய்யய்யோ, இன்னா மேடம்! பிளேட்ட கெடுத்துட்டீங்களே!"

"மேடம் இல்ல, மணிமொழி."

மறுபடி மழையில் நீட்டினாள். இரண்டு துளிகள் நின்றன.

"எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்குது. கைய குடுங்க..."

முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தக் கை தயங்கித் தயங்கி வந்தது. அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மழை விட்டு வீடு போனபோது மணிமொழியின் உள்ளங்கையெல்லாம் நீலம். "இன்னாடி இது?" என்று அம்மா சோப்பை நீட்டினாள்.

"இருக்கட்டும்மா... அப்புறம் கழுவிக்கிறேன்."