கோப்பி படுத்த இடம்

மருத்துவமனையிலிருந்து ஷரீஃபாவைக் கூட்டி வந்த தம்பி யூசுப், கதவைத் திறந்து அவள் பையை உள்ளே வைத்தான். ஜார்ஜ் டவுனின் அந்தப் பழைய கடைவீடு ஈரச் சுண்ணாம்பு வாசனையோடு அவர்களை உள்ளே வாங்கிக்கொண்டது. வருடக் கடைசி மழை. நடு முற்றத்தில் ஓட்டுத் தண்ணீர் கயிறு கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது.

ஷரீஃபா நேரே அடுப்படிக்குப் போனாள். பழைய பிஸ்கட் டின்னை எடுத்துக் கரண்டியால் தட்டினாள். மெதுவாக, மூன்று தட்டு. எந்த மூலையில் கிடந்தாலும் அந்தச் சத்தத்துக்கு அவள் பூனை கோப்பி ஓடி வந்துவிடும். வறுத்த காப்பிக்கொட்டை நிறம். நுனியில் முடிச்சுப் போட்டதுபோல் மடங்கிய குட்டை வால்.

வரவில்லை.

“ஓடிப்போச்சுக்கா,” என்றான் யூசுப், கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல். “எங்கயாச்சும் ஜோடி தேடிப் போயிருக்கும்லா. விடு. இனிமேயாச்சும் ஜுருவுல இருக்குற என் வீட்டுக்கு வந்துரு. ஹோட்டல்காரன் இந்த வீட்ட வாடகைக்குக் கேட்டுக்கிட்டே இருக்கான்.”

“நான் மவுத்தானதும் குடு. அதுவரைக்கும் அவன வேற கதவத் தட்டச் சொல்லு.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

சிறுநீரகம் கைவிட்ட பிறகு ஷரீஃபாவின் நாட்கள் வயிற்றுக் குழாயைச் சுற்றியே நடந்தன. தினமும் நான்கு முறை, வயிற்றிலிருக்கும் தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஏற்ற வேண்டும். அந்தத் தண்ணீர்ப் பையைச் சூடேற்ற ஒரு மின்தட்டு உண்டு. மழைநாளில் அந்த வீட்டில் அதைவிடக் கதகதப்பான இடம் கிடையாது என்று கோப்பி கண்டுபிடித்திருந்தது. பையின் மேலேயே சுருண்டு தூங்கும். குழாயைப் பொருத்தும் நேரம் மட்டும் அதை வெளியே விட்டு, கதவைச் சாத்தி, முகக்கவசம் போட்டுக்கொள்வாள். அது கதவுக்கு அடியில் ஒரு பாதத்தை நுழைத்துக் காத்திருக்கும். மழைச் சத்தம், முழங்கால் வலி, ஒரு கிளாஸ் தேநீர், அந்தப் பாதம். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அவள் வீடு திரும்பிய மறுநாள் மின்சாரம் போயிற்று. பை ஆறிப் போயிருக்கும் என்று தொட்டுப் பார்த்தாள்.

சூடாக இருந்தது.

நடுவில் வட்டமாக ஒரு குழி. உறையெல்லாம் ஈரம். சேறும் உப்பும் கலந்த கடல் நாற்றம்.

“கோப்பி?”

கதவுக்கு அடியில் ஒரு பாதம் மெல்ல நுழைந்தது. ஷரீஃபா மூட்டு வலியை மறந்து குனிந்தாள். அதில் நகம் ஒன்றுகூட இல்லை. விரல் இடுக்குகளில் சாக்கு நார் சிக்கியிருந்தது.

அவள் கதவைத் திறந்தாள். ஈரத் தரைதான் இருந்தது.

அதன்பின் மின்தட்டை அவள் போடவே இல்லை. பை தானாகச் சூடாயிற்று.

ஒரு வாரம் கழித்து, மழை தூறிய ஒரு முற்பகலில் யூசுப் வந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. நாற்காலியில் உட்காரவும் இல்லை.

“அக்கா, அதக் கூப்பிடுக்கா.”

“எத?”

“வெளாடாத. கண்ண மூடுனா நெஞ்சு மேல ஏறி உக்காருது. சில்லுனு. இருமுனா வாயெல்லாம் உப்புத் தண்ணி.”

“ஓடிப்போன பூனையா?”

அவன் தலை குனிந்தான். “சாக்குல கட்டி... பத்து காவான் கடலோரத்துல, படகு கட்டுற எடத்துல. உனக்கு வயித்துல கிருமி வந்து ஆஸ்பத்திரில கெடந்ததே அதாலதான்னு நெனச்சேன். அது இல்லன்னா நீயும் என்கூட வந்துருவ.”

“உன் நெழலக் கண்டாலே ஓடுமே. எப்படிப் பிடிச்ச?”

அவன் கண் டின் இருந்த அலமாரிக்குப் போயிற்று.

“டின்னத் தட்டுனேன்.”

அப்படியென்றால் அது ஓடி வந்திருக்கிறது. அவள் வந்துவிட்டாள் என்று நினைத்து, மடங்கிய வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறது.

“நீ தட்டுனா உன்கிட்டயே இருந்துரும். தட்டுக்கா. இனிமே இந்த வீட்டப் பத்திப் பேசவே மாட்டேன்.”

ஷரீஃபா கரண்டியை எடுத்தாள். மூன்று தட்டுத் தட்டினால் போதும், அவன் பிழைத்துவிடுவான். அது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

கரண்டியை முந்தானையில் துடைத்து டின்னுக்குள் போட்டாள். டின்னை அவன் கையில் கொடுத்தாள்.

“வீட்டுக்குக் கொண்டுபோ. ஒரு துண்டு மீன் வெச்சு நீயே தட்டு. தின்னுட்டுச் சமாதானமாப் போயிரும்.”

“நெசமாவா?”

“உன் தட்டுக்கு வந்த பூனதான?”

அவன் கண் கலங்க அவள் கையைப் பிடித்து முத்தமிட்டான். தெருவில் அவன் கார் கிளம்பியது. வாசல் சிமெண்டில் சின்னச் சின்ன ஈரத் தடங்கள் அதன் பின்னாலேயே போயின.

அன்று பிற்பகல் பை சில்லென்று கிடந்தது.

மாலைக்குள் யூசுப்பின் மனைவி காமாரியா அழைத்தாள். “டின்னத் தட்டித் தட்டிக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தாரு மைனி, பைத்தியம் மாதிரி. சத்தம் நின்னுச்சேன்னு போய்ப் பாத்தா... வாய் நெறயக் கடல் தண்ணி. வீட்டுக்குள்ள, மைனி! சமையக்கட்டுல!”

“டின் எங்க?”

காமாரியாவின் அழுகை ஒரு கணம் நின்றது.

“அவரு கையிலதான். கரண்டியப் பிடிச்ச விரலப் பிரிக்க முடியல.”

அடக்கம் முடிந்து வீடு வந்த பிறகும் மழை விடவில்லை. ஷரீஃபா கதவைத் தாழிட்டு, முகக்கவசம் போட்டு, குழாயைப் பொருத்திக்கொண்டாள். வயிற்றுத் தண்ணீர் வடியத் தொடங்கியது. முடியும்வரை எழுந்திருக்க முடியாது. பக்கத்தில், அடுத்த முறைக்கு வைத்திருந்த பையைத் தொட்டாள்.

கதகதப்பு. நடுவில் குழி.

“வந்துட்டியா,” என்று முகக்கவசத்துக்குள் சிரித்தாள்.

அப்போது அடுப்படியில் டின் ஒலித்தது.

மெதுவான மூன்று தட்டு அல்ல. ஆறேழு தட்டு, அவசர அவசரமாக.

அவள் கைக்கு அடியில் குழி நிமிர்ந்தது. எதுவோ பையிலிருந்து குதித்து இறங்கியது. பிளாஸ்டிக் சில்லிட்டது.

சத்தம் நின்றது. ஈரக் காலடி ஒன்று கூடத்தைக் கடந்து வந்து கதவுக்கு வெளியே நின்றது.

அவள் கதவின் அடியையே பார்த்தாள். பாதம் நுழையவில்லை.

விரல்கள் நுழைந்தன. கரண்டியைப் பிடித்தபடியே மடங்கிப்போன, ஈர விரல்கள்.