ஏழாவது ரேக்

முற்பகல் பதினொரு மணிக்கு அவள் அந்தக் கணினி மையத்துக்குள் நுழைந்தாள். சர்வர்களின் அடிவயிற்றில் கிடக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரைத் துருவிப் பார்ப்பது அவள் வேலை. கூட இருப்பவர்கள் 'சிப் டாக்டர்' என்பார்கள். கதவு திறந்ததும் குளிர்காற்றோடு ஒரு நாற்றம் முகத்தில் அறைந்தது. ஊசிப்போன கொழுப்பும் ஈரத்தலைமுடியும் கலந்தது போல.

"எலி ஏதாவது செத்துக் கெடக்கா சார்?"

"பழகிடும்மா," என்றார் மேலாளர், கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே. "இந்தச் சர்வர் அலமாரி, ஏழாவது ரேக்தான் தொல்லை. மெஷினை நிறுத்தாமலே மூணு தடவை ஃபர்ம்வேரை அழிச்சு எழுதிட்டோம். எவனோ திரும்பத் திரும்ப உள்ள வர்றான்."

கரண்ட் இணைப்பு இருக்கும்வரை, மெஷினை அணைத்தாலும் விழித்திருக்கும் சின்ன சிப் ஒன்று உண்டு. அதன் பதிவுகளை மடிக்கணினியில் திறந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்பே அடைத்திருக்க வேண்டிய பாதுகாப்பு ஓட்டை. வந்தவன் எதையும் திருடவில்லை. ஒரே கட்டளையைத்தான் ஆயிரக்கணக்கான தடவை கொடுத்திருந்தான்.

நிறுத்து.

ஆனால் வெளியிலிருந்து யாரும் நுழைந்த தடயமே இல்லை.

ஒரு சர்வரின் மூடியைக் கழற்றினாள். மின்சுற்றுப் பலகை முழுக்க மஞ்சள் பிசுக்கு. தொட்டு விரலை எடுத்ததும் கையுறையோடு நூலாக இழுபட்டு வந்தது. விசிறியில் நரைமுடி சுற்றியிருந்தது.

"என்ன சார் இது?"

அவர் தரையைப் பார்த்தார்.

"முன்னாடி இருந்த இன்ஜினியர்மா. ஓட்டை இருக்கு, அடைக்கணும்னு எழுதிக்கிட்டே இருந்தாரு. நான்தான் அப்புறம் பாக்கலாம்னேன். நீண்ட விடுமுறையில தனியா வந்திருக்காரு. மாரடைப்பு. அஞ்சாம் நாள்தான் பாத்தோம். இந்த ரேக் முன்னாலதான்... விசிறியெல்லாம் அவர் பக்கத்துக் காத்தையே இழுத்துக்கிட்டு..."

"அப்புறமாவது மெஷினை நிறுத்தினீங்களா?"

"பெரிய கணக்கு ஓடிக்கிட்டிருந்துச்சு. நிறுத்தினா ஆறு மாச உழைப்பு போயிடும். தரையை மட்டும் கழுவி விட்டோம்."

பிசுக்கைவிட அந்த மனிதரின் முகம்தான் அவளுக்கு அதிகம் அருவருப்பாக இருந்தது. ரேக்கின் பின்னால் போய் மின்கேபிள்கள் அத்தனையையும் பிடுங்கினாள்.

"ஏம்மா! கணக்கு!"

விசிறிகள் ஓய்ந்தன.

நிசப்தம்.

அவளுடைய மடிக்கணினித் திரையில் ஏழாவது ரேக்கிலிருந்து ஒரு வரி வந்தது.

நிறுத்து.

கடைசிக் கேபிள் இன்னும் அவள் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

நிறுத்து.

வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். வாசலிலேயே வாந்தி எடுத்தாள். ஒளிவுமறைவில்லாமல் அறிக்கை எழுதினாள். மேலாளரின் வேலை போனது. ரேக்கை அடியோடு பெயர்த்து உலையில் உருக்கினார்கள்.

பத்து நாள் கழித்துப் புது சர்வர்களைச் சோதிக்க வந்தாள். தரை புதிது, சுவர் புதிது, நாற்றமில்லை. ஆலை முத்திரையைக்கூட இன்னும் யாரும் உடைக்கவில்லை. முதல் பெட்டியின் அட்டையைப் பிரித்துக் குனிந்தாள்.

சர்வரை இறுக்கிச் சுற்றியிருந்த கண்ணாடித்தாளில், உட்புறமாக, ஆவி படிந்தது.

மறைந்தது.

மறுபடி படிந்தது.