கை காட்டினால் நிற்கும் வண்டி

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. என் புது இடுப்பு மூட்டின் மேல் சத்தியம். பழைய மூட்டின் மேல் நான் செய்து கொடுத்த சத்தியங்களைப் பற்றி ஊரில் சிலர் ஏதேதோ சொல்வார்கள். அந்த மூட்டு இப்போது என்னிடம் இல்லை. அவற்றுக்கு நான் பொறுப்பும் இல்லை.

எலுனெட்டுக்கு முதலில் உறுத்தியது ஒரு கட்டில்.

சமையலறையில் தேநீர்க் கெண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். நடையில் அவள் அக்கா நெஸ்டா தொலைபேசியில் யாரோ விடுதிக்காரியுடன் பேசுவது கேட்டது. "ஆமாங்க, ரெண்டு பேர். மூணு ராத்திரி. கடல் பாத்த அறை. இல்லைங்க, தனித்தனிக் கட்டில் வேணாம். ஒரே கட்டில். பெருசா."

எலுனெட் குழாயை மூடினாள்.

"அக்கா, யாருக்கு ஒரே கட்டில்?"

"நமக்குத்தான்."

"என் குறட்டைக்குப் பயந்து ரெண்டு சுவர் தள்ளிப் படுக்கறவ நீ. என் கால் உன் மேல பட்டாலே பாதிரியாரைக் கூப்பிடுவே."

"பிப்ரவரிக் குளிருடி. ஒட்டிப் படுத்தா கதகதப்பா இருக்கும்" என்றாள் நெஸ்டா. சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் எலுனெட்டை அப்படியே நிற்க வைத்தது. நண்டு பிடிக்கக் கடலில் கூடு போடப் போன ஈவோரின் படகு மட்டும் தனியாகக் கரை ஒதுங்கிய நாளிலிருந்து, அவன் மனைவி நெஸ்டா சிரித்து யாரும் பார்த்ததில்லை. வீட்டில் கடலைப் பார்த்த ஜன்னல்களுக்கெல்லாம் அன்றைக்கே திரை விழுந்துவிட்டது. "ஒரு வாரம் உன்கூட இருக்கேன்க்கா" என்று ஒரு பெட்டியோடு வந்த தங்கை எலுனெட், திரைகளுக்கு இந்தப் பக்கமே கிழவியாகிவிட்டாள். அவளுக்காகக் காத்திருந்த பள்ளி ஆசிரியர் எம்ரிஸ், காத்துக் காத்துக் கடைசியில் கார்டிஃப் போய் ஒரு பல் மருத்துவச்சியைக் கட்டிக்கொண்டார். அவர் போட்ட நிச்சய மோதிரத்தைத் தங்கை திருப்பிக் கொடுத்ததற்கு அக்கா ஒரு நாளும் ஒரு நன்றி சொன்னதில்லை. எலுனெட்டும் கேட்டதில்லை. ஆனால் மனசுக்குள் ஒரு மூலையில், என்றைக்காவது சொல்வாள் என்று ஒரு நாற்காலியைப் போட்டு வைத்திருந்தாள்.

போன வாரம் நெஸ்டா தானாகவே வாய் திறந்து, "கடலோரமா ரயில்ல மெதுவா ஒரு சுத்து சுத்திட்டு வரலாமா, நீயும் எங்க போயிருக்கே பாவம்" என்றபோது, அந்த நாற்காலியில் ஆள் வந்து உட்கார்ந்துவிட்டதாகவே அவள் நம்பினாள்.

ஆகவே கட்டிலை மறந்தாள். மறக்க முடிவு செய்தாள்.

மாலைகள் எல்லாம் திட்டம் போடுவதில் கழிந்தன. வெண்ணெய்க் கிண்ணத்தையும் ஜாம் பாட்டிலையும் பாரமாக வைத்து மேசையில் வரைபடத்தை விரித்தார்கள். வேக வண்டி வேண்டாம். கடலை ஒட்டி ஒவ்வொரு ஊரையும் மோந்து பார்த்துக்கொண்டு போகுமே, அந்த இரண்டு பெட்டி வண்டிதான். இங்கே இறங்கி மீன் வறுவல், அங்கே இறங்கி இடிந்த கோட்டை, அதற்கப்புறம் டாஃபி கடை என்று எலுனெட் விரல் வைத்த இடத்துக்கெல்லாம் நெஸ்டா தலையாட்டினாள். வாழ்நாள் முழுக்க உப்புக்கும் சர்க்கரைக்கும் சண்டை போட்டவள், எதற்கும் மறுப்பே சொல்லவில்லை.

ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "முதல் நாள் பொழுது சாயற நேரத்துக்கு ட்ரைத் வென் தாண்டணும்."

"அங்க என்னக்கா இருக்கு? ஒரு பெஞ்சு, ஒரு விளக்கு. மனுஷன் குடியிருக்கற இடமா அது?"

"கடல் ஏறி வர்றது அழகா இருக்கும்."

கடலுக்குத் திரை போட்டவள் சொன்னாள் இதை. எலுனெட் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி ஒரு கணம் நின்றது. மறுபடி வெட்டியது.

ட்ரைத் வென் மாதிரி நிறுத்தங்கள் எங்கள் கரையில் பல உண்டு. வண்டி தானாக நிற்காது. உள்ளே இருப்பவர் ரயில் கார்டிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். வெளியே நிற்பவர் கை காட்ட வேண்டும். சொல்லி நிறுத்திவிட்டு இறங்காமல் இருப்பதும், கை காட்டி நிறுத்திவிட்டு ஏறாமல் இருப்பதும் எங்கள் ஊரில் திருட்டைவிடக் கேவலம். கறிக்கடை ஹியூ ஒரு முறை தன் நாயைக் கூப்பிடக் கையை ஆட்ட, வண்டி நின்றுவிட்டது. வெட்கத்தில் ஏறிவிட்டான். இங்கிலாந்து எல்லை வரை போய், தேவையே இல்லாத ஒரு குடை வாங்கிக்கொண்டு திரும்பினான். நாய் அதன் பிறகு அவனை மதிக்கவே இல்லை.

புறப்படுவதற்கு முந்தின நாள் எலுனெட் பையைத் திறந்தாள். இருவருக்கும் ஒரே பை. பூச்சி உருண்டை வாசனை மூக்கில் ஏறியது. மேலாக, மடிப்புக் கலையாமல், ஒரு கம்பளிச் சட்டை. கருநீலம். நெஸ்டா கல்யாணமான புதிதில் ஈவோருக்குப் பின்னியது.

"இது எதுக்குக்கா?"

"உனக்குக் குளிருமே."

"இதுக்குள்ள என்னைப் போல ரெண்டு பேர் குடித்தனம் நடத்தலாம்."

"இருக்கட்டும்டி. எடுக்காதே." நெஸ்டாவின் கை வந்து சட்டையைத் தடவியது. தடவிக்கொண்டே இருந்தது.

எலுனெட் தன் இரவு உடையைப் பைக்குள் வைத்துவிட்டுப் போனாள். படுக்கும்போது பார்த்தால் அது அவள் அலமாரியில், பழைய இடத்தில், மடித்தபடி இருந்தது. வயசாகிவிட்டது, வைத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்று மறுபடி கொண்டுபோய் வைத்தாள். காலையில் முகம் கழுவிவிட்டு வந்தபோது அது மறுபடி அலமாரியில் இருந்தது. இந்த முறை அதன் மேல் அவளுடைய பல் தூரிகையும் இருந்தது.

அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பயணம் கெட்டுப்போகும் என்ற பயம்.

அன்று பிற்பகல் ரயிலில் வெப்பக் குழாய் கணுக்காலைச் சுட்டது. ஈரக் கோட்டுகளின் வாசமும் யாரோ பிரித்த வினிகர் போட்ட உருளைச் சீவலின் வாசமும் கலந்து பெட்டி முழுக்கக் கனமாகத் தொங்கின. ஜன்னலுக்குக் கீழே கல் சுவரும், சுவருக்குக் கீழே கடலும், கடலுக்கு மேலே ஈயத் தகடு போன்ற வானமும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு பின்னால் ஓடின. எலுனெட் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். சந்தோஷமாக இருக்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அது கொஞ்சம் உண்மையாகவும் இருந்தது.

கார்டு வந்தார். முகத்தில் எந்த வயதும் இல்லாத மனிதர். நெஸ்டா நீட்டிய பயணச்சீட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"போறது ரெண்டு. வர்றது ரெண்டு" என்றார். "சரியா இருக்கு."

அவர் நகர்ந்ததும் நெஸ்டா எழுந்து பின்னாலேயே போனாள். பெட்டியின் கோடியில் இருவரும் தலையைச் சாய்த்து நின்றார்கள். நெஸ்டா ஏதோ சொன்னாள். கார்டு திரும்பி எலுனெட்டை ஒரு முறை பார்த்தார். தலையாட்டினார்.

"என்னக்கா சொன்னே அவர்கிட்ட?"

"கழிவறை எங்கேன்னு கேட்டேன்."

கழிவறை அவர்கள் இருக்கைக்கு நேர் எதிரே இருந்தது. அதன் மேல் பச்சை விளக்கு எரிந்தது.

வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. கடல் கல் சுவரில் ஏறி, தண்டவாளத்தின் பக்கத்திலேயே நடந்து வந்தது. நுரை கண்ணாடியில் தெறித்தது. பூச்சி உருண்டை வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை கிளம்பியது. பாசி, துரு, பல காலம் மூடிக் கிடந்த படகின் அடித்தளம். எலுனெட் பையைப் பார்த்தாள். பை மூடித்தான் இருந்தது.

வண்டியின் வேகம் தளர்ந்தது.

"ஏன் நிக்குது?" என்றாள். நெஸ்டா ஜன்னலைக் கண்ணாடியாக வைத்துக்கொண்டு உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். கல்யாணப் பெண்போல உதட்டை மடித்து ஒற்றிக்கொண்டாள்.

வெளியே ஒரு விளக்கு. ஒரு பெஞ்சு.

ஒரு ஆள்.

கை நீட்டி நின்றான். ஆட்டவில்லை. பலகைபோல நீட்டியிருந்தான். வெறும் சட்டை. அதன் முனையிலிருந்து தண்ணீர் சொட்டியது. இடது தோள் சற்றே தாழ்ந்து. அந்தத் தோளை எலுனெட்டுக்குத் தெரியும். அக்காவின் கல்யாணப் போட்டோவில் தெரியும்.

கார்டு அவள் பக்கத்தில் நின்றார். "உங்க ஸ்டாப்புங்கம்மா."

"நான் கேக்கலையே."

"உங்களுக்காகக் கேட்டிருக்காங்க."

"தப்பு. ஏதோ தப்பு நடந்திருக்கு."

"வண்டி நின்னுருச்சுங்களே" என்றார் கார்டு, வருத்தமாக.

பெட்டியில் எல்லோரும் தலை தூக்கினார்கள். ஒருவர் செய்தித்தாளை மடித்தார். ஒருத்தி கடிகாரத்தைப் பார்த்தாள். எங்கோ பின்னால், "இறங்கறதுன்னா இறங்குங்க, எங்களுக்கும் வீடு இருக்கு" என்று ஒரு குரல். எலுனெட்டின் கன்னம் சுட்டது. கழுத்து சுட்டது. ஒரு வண்டியையே நிறுத்தி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் எழ முடிவு செய்வதற்கு முன்பே கால்கள் எழுந்துவிட்டன.

"அக்கா. தப்பா சொல்லிட்டேன்னு சொல்லு. சொல்லேன்!"

நெஸ்டா திரும்பினாள். முகத்தில் கோபமில்லை. அதுதான் தாங்கவில்லை.

"ஒரு வாரம் இருக்கேன்னுதானே வந்தே நீ?" என்றாள்.

கதவு திறந்திருந்தது. குளிர். எலுனெட் படியில் இறங்கினாள். கார்டைக் காக்க வைத்ததற்காக, வெட்கக்கேடு, "மன்னிச்சுக்குங்க" என்றும் சொன்னாள். ஏறி வந்தவன் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினான். தலை தாழ்த்தி மரியாதை செய்தான். அவன் கடந்த இடத்தில் காற்று உப்பாக இருந்தது.

கதவு மூடியது.

ஒளி பூத்த ஜன்னலுக்குள் நெஸ்டா பையைத் திறந்தாள். கருநீலச் சட்டையை எடுத்து உதறி, குழந்தைக்கு மாட்டுவதுபோல அவன் தலை வழியாக மாட்டினாள். ஒரு கை உள்ளே சிக்கியது. சிரித்துக்கொண்டே இழுத்துவிட்டாள். அவன் எலுனெட்டின் இருக்கையில் உட்கார்ந்தான். நெஸ்டா அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். ஒரு முறைகூட வெளியே பார்க்கவில்லை.

வண்டி போயிற்று. சிவப்பு விளக்கு போயிற்று. சத்தமும் போயிற்று.

கடல் மட்டும் இருந்தது.

"உக்காரும்மா. நின்னா கால் வலிக்கும்."

பெஞ்சில் ஆட்கள் இருந்தார்கள். வண்டியிலிருந்து பார்த்தபோது இல்லை. தொப்பி வைத்த ஒரு பெண்மணி, மற்றவர்களை முழங்கையால் இடித்து நகரச் செய்து, அவளுக்கு இடம் ஒழித்தாள். எலுனெட் உட்கார்ந்தாள். இடம் ஈரமாக இருந்தது.

"அடுத்த வண்டி எப்போ?"

யாரோ மெல்லச் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை.

"யாரு சொல்லிவிட்டா உன்னை?" என்றாள் தொப்பிக்காரி.

"எங்க அக்கா."

"அக்காவா. பரவால்லை. எனக்கு எம் பையன். வீடு சின்னதாம்."

"எனக்கு எம் பொண்டாட்டி" என்றார் கோடியில் இருந்த கிழவர். "அவளைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா பல் செட்டையாவது குடுத்து அனுப்பியிருக்கலாம்."

"இவர் தினமும் இதையேதான் சொல்லுவாரு" என்றாள் தொப்பிக்காரி. பாவாடையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

தண்ணீர் செருப்பை நனைத்தது. கணுக்காலுக்கு வந்தது. யாரும் காலைத் தூக்கவில்லை. முழங்கால். மடி. விளக்கின் வெளிச்சம் நீரில் இறங்கி ஆடியது. எலுனெட் எழப் பார்த்தாள். இரண்டு பக்கமும் தோளோடு தோள் நெருக்கம். அவள் கையைத் தொப்பிக்காரி ஏற்கெனவே பிடித்திருந்தாள், ஆதரவாக, விடாமல்.

"முதல் நாள் அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

மார்பு. கழுத்து.

"அக்கான்னா உங்களைவிட ரொம்பப் பெரியவங்களா?" என்று கிழவர் விசாரித்தார். "உங்க கூடவே இருந்தவங்களா?"

தண்ணீர் அவர்கள் வாயை எட்டியது. பேச்சு நிற்கவில்லை.

நெஸ்டாவைப் பற்றி எங்கள் ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள்; அவள் வீட்டுக்கு ஒரே பிள்ளை, தங்கையே கிடையாது என்பார்கள்.