யோகமலரின் நீலத்திரை

சாம்பல்தீவுப் பாலத்துச் சோதனைச் சாவடியில் யோகமலர் சைக்கிளை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின் கரியரில் அப்பாவின் பழைய சாரத்துணியால் சுற்றி, வலைக்கயிற்றால் வரிந்து கட்டிய கம்பியூட்டர் பெட்டி. மாரி முடியும் காலத்துத் தூறல் விட்டுவிட்டுப் பெய்தது. ஆமிக்காரன் கட்டை அவிழ்க்கச் சொன்னான். அவள் சிங்களத்தில் சொற்களைத் தேடி எடுப்பதற்குள், பின்னால் மோட்டார் சைக்கிளில் நின்ற ஒருவன் முந்திக்கொண்டான். உடைந்த கம்பியூட்டர்தான், திருத்தக் கொண்டுபோகிறா என்று நல்ல சிங்களத்தில் சொல்லிச் சிரித்தான். ஆமிக்காரனும் சிரித்துவிட்டுப் போகச் சொன்னான்.

பாலம் தாண்டியதும் அவள் சைக்கிளை நிறுத்தினாள்.

"உடைஞ்சதெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"கட்டியிருக்கிற விதத்தைப் பார்த்தனான்... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற ஆள் மாதிரியல்லோ கிடந்தது."

இமையில் மழைத்துளி தொங்க, அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். உதவி செய்த முகம்தான்... ஆனால் அந்தச் சிரிப்பு... சரியான திமிர்ச் சிரிப்பு. நன்றி சொல்லாமலே சைக்கிளை மிதித்தாள்.

திருகோணமலை மத்திய வீதியில், கம்பியூட்டர் திருத்தும் கடைக்குள் நுழைந்தபோது, மேசைக்குப் பின்னால் அதே சிரிப்பு இருந்தது. பெயர் ஆனந்தராசாவாம். கடையும் அவனுடையதாம். திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். போக ஏலாதே...

அது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. பாஸ் இல்லாமல் எவரும் கடலில் இறங்க ஏலாத காலம். யோகமலர் சல்லிக் கிராமத்துக் கடற்றொழிலாளர் சங்கத்துக் கிளாக்கர்; சங்கத் தலைவர் கனகசுந்தரம் அவளுடைய அப்பா. அங்கத்தவர்களின் படங்களும் விவரங்களும் அடங்கிய அட்டைகளைத் திங்கட்கிழமை துறைமுகத்தில் கடற்படையிடம் கொடுத்தால்தான் புதிய பாஸ் கிடைக்கும். அட்டை அடிக்கும் புரோகிராமுக்கு விண்டோஸ் எக்ஸ்பி வேண்டும். என் மகளே போட்டுவிடுவாள் என்று அப்பா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். பழைய விண்டோஸின் மேலேயே அவளும் அதைப் போட்டாள். பாதி வழியில் திரை நீலமாகி, வெள்ளை எழுத்தில் ஏதோ பிழையைச் சொல்லிவிட்டு நின்றுபோனது. எத்தனை தரம் போட்டாலும் அதே நீலம்.

ஆனந்தராசா பெட்டியைக் கழற்றிப் பார்த்தான். அவள் செய்ததில் பிழையில்லை, புது விண்டோஸுக்கு இந்தப் புதுமாதிரி ஹார்ட் டிஸ்கைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை, அதற்கென்று ஒரு டிரைவர் இருக்கிறது, அது தன்னிடம் இல்லை என்றான். கடையில் இருந்த மற்றக் கம்பியூட்டர்கள் பழையவை. இந்த டிஸ்கை அவற்றில் மாட்டவும் முடியாது. இன்டர்நெட்டில் எடுக்கலாமென்றால், நகரத்தில் டெலிபோன் இணைப்பும் அறுந்து கிடந்தது.

"வேறை பழைய டிஸ்க் ஒண்டு போட்டுத் தாறன். இதில கிடக்கிறதை மறக்க வேண்டியதுதான்."

மறப்பதா...? மழைக்குள் வளவு வளவாக, வீடு வீடாகப் போய், இரவல் கமெராவால் அவள் எடுத்த முகங்கள் அவை. கமெரா வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

"உங்களால ஏலாதெண்டால் ஏலாதெண்டு சொல்லுங்கோ. மறக்கச் சொல்லாதேங்கோ."

அவன் முகத்திலிருந்து சிரிப்புப் போய்விட்டது. அவள் தானே பெட்டியைச் சாரத்தில் சுற்றிக் கட்டினாள். வீட்டில் அப்பா கேட்டபோது, நாளைக்குச் சரியாகிவிடும் என்று தலை நிமிர்ந்து சொன்னாள். எப்படி என்று அவளுக்கே தெரியாது...

மறுநாள் ஞாயிறு. மத்தியானம் சங்கத்து வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஆனந்தராசாவின் சட்டை முழுக்கச் சேறு. கிண்ணியாவில் லாபிர் என்ற சிநேகிதனிடம் இதே மாதிரிக் கம்பியூட்டர் இருப்பது ஞாபகம் வந்து, காலையிலேயே பாதைப்படகு ஏறித் துறை கடந்து, அந்த டிரைவரைப் பிளாப்பி ஒன்றில் எடுத்து வந்திருந்தான். அடையாள அட்டையைச் சாவடியில் வாங்கி வைத்துவிட்டார்கள். பொழுதுபட முன்னர் திரும்பவேண்டும்.

"ஏலாதெண்டு நான் சொல்லேல்ல," என்றான். அவ்வளவுதான்.

கோபம் எங்கே போனதென்று தேடிப் பார்த்தாள். காணவில்லை.

விண்டோஸை மேம்படுத்தும் வேலை மறுபடி தொடங்கியதும், திரையின் அடியில் ஒரு வரி சில நொடிதான் வரும், அப்போது எஃப் ஆறை அழுத்தினால்தான் பிளாப்பியைக் கேட்கும் என்று அவன் விளக்கினான். வரி வந்தது... போனது... அவன் அழுத்தவில்லை. திரும்பவும் நீலம்.

"கீழ பார்க்கச் சொல்லி நீங்கள்தானே சொன்னது?"

"பார்த்தனான்..."

"எங்கை பார்த்தனீங்கள் எண்டு எனக்குத் தெரியும்."

அவன் காதுமடல் சிவந்தது. அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அடுத்த தரம் இரண்டு பேரும் கண் இமைக்காமல் காத்திருந்தார்கள். வரி வந்ததும் இரண்டு விரல்கள் ஒன்றாகவே அந்த விசையில் விழுந்தன. எடுக்க இருவருக்குமே மனம் வரவில்லை... பிளாப்பி கறகறத்தது. இம்முறை நீலம் வழிவிட்டது. பொழுது சாய்கையில் சல்லியின் முகங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் எழுந்தன. வாசலில் நின்ற கனகசுந்தரம் மகளைப் பார்த்துத் தோளை நிமிர்த்திக்கொண்டார். ஆனந்தராசாவோ சாவடியில் கிடந்த அடையாள அட்டையை மீட்க ஓடவேண்டியிருந்தது. சொல்ல வந்த எதையும் சொல்லாமலே போனான்.

பாஸ் கிடைத்தது. தோணிகள் இறங்கின. நாட்கள் போயின... அவன் வரவில்லை. நானாகப் போய் நிற்பதா என்று யோகமலர் வீம்போடு இருந்தாள். ஆனாலும் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவளுடைய கை எழுத்தை நிறுத்தியது.

ஒரு காலை, மீன்பாடு முடிந்து தோணிகள் கரையேறியிருந்த நேரம், அவன் வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அப்பா வலையை விட்டு எழுந்தார்.

"கம்பியூட்டர் பார்க்க வந்தனீங்களோ, தம்பி?"

"இல்லை ஐயா. அது நல்லா ஓடும். நான் யோகமலரைக் கலியாணம் கட்ட விரும்புறன். உங்களிட்டைக் கேக்க வந்தனான்."

கரையில் நின்றவர்கள் கிட்ட வந்தார்கள். அப்பா பக்கத்தில் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் மணலில் நேராக நின்றாள்.

"என்னட்டை ஒரு சொல்லும் சொல்லாமல் அப்பாட்டையோ கேக்கிறீங்கள்?"

அவன் அவள் கண்களையே பார்த்தான்.

"சொல்லப் பயந்தனான்... அண்டைக்குப் பாலத்தில நீங்கள் நிமிர்ந்து பார்த்தீங்களே, அப்பவே எனக்கு உங்களைப் பிடிச்சுப் போச்சு."

கடற்காற்றில் கலைந்த கூந்தலை ஒதுக்கினாள். முகம் முழுவதும் சூடாகியது. ஆனாலும் ஊரே பார்த்திருக்க, குனியாமல்தான் சொன்னாள்.

"அப்பா, எனக்கும் இவரைத்தான் விருப்பம்."