கவிப்ரியாவின் நகல்கள்

காலையில் அழித்த மின்புத்தகம் மத்தியானம் ரீடரில் திரும்ப வந்திருந்தது.

அனுராதா அதைக் கையில் எடுத்தாள். நெல் மூட்டைக்குள் புதைத்து ஈரம் போகக் காயவைத்து மாதக்கணக்காகிவிட்டது. ஆனாலும் அதன் கண்ணாடி ஓரத்திலிருந்து வாய்க்கால் சேற்றின் வாடை எழுந்து, வெளியே பெய்த ஐப்பசி மழையின் வாசனையையும் அடுப்பில் கொதித்த ரசத்தின் வாசனையையும் தாண்டி மூக்கில் ஏறியது. அவளுடைய ஓரகத்தி கவிப்ரியாவின் ரீடர் அது. ஆற்றில் புதுத் தண்ணீர் வந்த அன்று வாய்க்கால் மதகடியில் வழுக்கி விழுந்து செத்தவளின் தோள்பையிலிருந்து எடுத்தது. அன்று கரையில் அனுராதா மட்டும்தான் நின்றாள். “அக்கா, முந்தானைய வீசுங்கக்கா!” என்று கவிப்ரியா கத்தினாள். அனுராதா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நிலத்தில் பாகம் கேட்டவள் போகட்டும் என்று.

சிங்கப்பூரிலிருந்து கணவர் துரைராசு போன் செய்தார்.

“அழிய மாட்டேங்குதுங்க.”

“இடம் காலியானாத்தானடி நம்ம பாப்பா பாடத்த அதுல ஏத்த முடியும்? லேப்டாப்புல ஒரு காப்பி போட்டுட்டு அழி. தம்பி கேட்டா குடுக்கணும்ல. பொட்டிய பாத்து பயப்படுற ஒரே ஆளு நீதான்!”

வயரை மாட்டினாள். நகல் ஏறி முடிந்தபோது கொல்லையில் யாரோ ஈரத்துணி பிழியும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். பச்சைப் புடவைக்காரி ஒருத்தி முதுகு காட்டி நின்று தலைமுடியைப் பிழிந்துகொண்டிருந்தாள். நடவுக்கு வந்தவளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ரீடரில் மறுபடி அழித்துப் பார்த்தாள்; புத்தகங்கள் அழியவில்லை. முதல் நகல் சரியாக ஏறவில்லையோ என்று பென்டிரைவில் இன்னொன்று போட்டாள்.

இப்போது வாசலில் அந்தச் சத்தம்.

அதே பச்சைப் புடவை. கவிப்ரியா அன்று கட்டியிருந்தது. கொல்லைப் பக்கம் திரும்பினாள். அங்கேயும் அவள் நின்றாள்.

பென்டிரைவைப் பிடுங்கினாள். லேப்டாப்பின் எழுத்துப் பொத்தான்களுக்கு இடையிலிருந்து தண்ணீர் கசிந்தது.

“அம்மா!” உள் அறையிலிருந்து மகள் ஆதினி கூப்பிட்டாள். “சித்தி புத்தகமெல்லாம் தானாவே என் டேப்லயும் வந்துருச்சும்மா. சித்தியும் வந்துருக்காங்க.”

ஓடினாள். அறை காலி. கட்டிலைச் சுற்றி ஈரக் காலடிகள்.

கொல்லை வழியாகக் கவிப்ரியா போய்க்கொண்டிருந்தாள், ஆதினியின் கையைப் பிடித்தபடி. அனுராதா பாய்ந்தாள்.

“அம்மா!”

முதுகுக்குப் பின்னால் அதே குரல். வாசல் வழியாக இன்னொரு கவிப்ரியா. அவள் கையில் இன்னொரு ஆதினி. அதே நீலப் பாவாடை. நெற்றியில் அதே தழும்பு. பக்கத்துச் சந்தில் மூன்றாவது ஜோடி.

ஒருத்தி வாய்க்காலுக்கு. ஒருத்தி ஆற்றுக்கு. ஒருத்தி குளத்துக்கு.

எது என் பிள்ளை?

ஓர் அடி இந்தப் பக்கம். ஓர் அடி அந்தப் பக்கம்.

மூன்று ஆதினிகளும் திரும்பித் திரும்பிப் பார்த்து அழுதார்கள். மூன்று கவிப்ரியாக்களும் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

மழைக்குள், மூன்று திசையிலும், தண்ணீர்மேல் ஒரே நேரத்தில் நீலப் பாவாடைகள் விரிந்தன.